நாட்குறிப்பு: மிஸ்டர் மோட்டோவின் முதல் வேட்டை

மார்ச் 4

மோட்டோ என்ற ஜப்பானியரை நாயகனாகக் கொண்டு 1937இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ‘திங்க் ஃபாஸ்ட், மிஸ்டர் மோட்டோ’வை இன்றிரவு மறுபடியும் பார்க்கத் தொடங்கினேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் புத்தாண்டுக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்க, தெரு வியாபாரி வேடத்தில் ஒருவன் கலைப்பொருள் கடைக்குள் நுழைந்து ஒரு வைரத்தை விற்க விலைபேசுகிறான். பிரிட்டிஷ் கொடியைப் பச்சை குத்திக்கொண்ட ஆள் ஒருவன் அவன் கண்ணில் படுகிறான். பிரம்புக் கூடைக்குள் ஒரு பிணமும் கிடக்கிறது. வியாபாரி தப்பி ஓடுகிறான். அவன் திருடனா, போலீசா என்பதைப் படம் அப்போது சொல்வதே இல்லை. வைரக் கடத்தல் கும்பலுக்குள் ஊடுருவும் கதைகளில் வேடம் போட்டவன் யாரென்று நமக்கு முன்பே தெரிந்திருக்கும். கும்பல் எப்போது கண்டுபிடிக்கும் என்ற பதைப்பே மிச்சம். இங்கே கும்பலைப் போலவே நாமும் அவனைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 5

கப்பல் பகுதிதான் படத்தின் உயிர். கப்பல் நிறுவன முதலாளியின் மகன் பாப் ஹிட்சிங்ஸ், தந்தை கொடுத்த இரகசியக் கடிதத்தோடு ஷாங்காய்க்குப் புறப்படுகிறான். அந்தத் தெரு வியாபாரியாக வந்த மோட்டோவும் அதே கப்பலில் ஏறி, இளைஞனின் குடிமயக்கத்தைத் தெளிவித்து நண்பனாகிவிடுகிறார். ஹோனலுலுவில் ஏறும் குளோரியாவோ, கடத்தல்காரன் மார்லோஃபுக்காக வேவு பார்க்க அனுப்பப்பட்டவள். (காதல் காட்சிகளை அவசரமாகக் கடந்துவிட்டேன்.)

ஒரு காட்சியை மட்டும் மூன்று முறை பார்த்தேன். கடிதத்தைத் தேடி அறைக்குள் புகுந்த கப்பல் பணியாளின் கையில் அதே பச்சை குத்திய கொடி இருக்கக் கண்டு, கூடையில் கிடந்தவனைக் கொன்றவன் இவனே என்று தெளிந்த மோட்டோ, கைகலப்பின் முடிவில் அவனைக் கடலில் தூக்கி எறிந்துவிட்டுக் கடிதத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார். விசாரணை இல்லை, வருத்தம் இல்லை. அக்காலத் துப்பறிவாளர் படங்களில் இத்தனை ஈரமற்ற நாயகனை நான் அதிகம் கண்டதில்லை. ஷாங்காயில் பாப் உறையைக் கொடுக்கும்போது உள்ளே இருப்பது வெறும் வெள்ளைத்தாள்!

மார்ச் 6

இன்று படத்தைத் தொடவில்லை. மோட்டோவாக நடித்த பீட்டர் லோரே நினைவாகவே இருந்தேன். 1904இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1931இல் ஜெர்மனியின் ‘எம்’ படத்தில் கொலைகாரனாக நடித்துப் புகழடைந்து, 1933இல் நாஜிகள் வந்தபின் அந்நாட்டை விட்டு வெளியேறியவர். அவர் ஒரு ஜப்பானியராக நடிக்க, அந்த ஜப்பானியர் தெரு வியாபாரியாக நடிக்கிறார். ஆசியர் வேடத்தை வெள்ளையருக்கே கொடுத்துவந்த ஹாலிவுட் வழக்கத்தை ஏற்பதற்கில்லை. ஆனாலும் ஒப்பனையை அதிகம் நம்பாமல், வட்டக் கண்ணாடியையும் தணிந்த குரலையும் கொண்டே அவர் அந்தப் பணிவை அச்சுறுத்தலாக மாற்றிவிடுகிறார்.

மார்ச் 9

கடைசிப் பகுதியையும் முடித்துவிட்டேன். ‘இன்டர்நேஷனல் கிளப்’பில் மார்லோஃபைச் சந்திக்கும் மோட்டோ தாமும் ஒரு கடத்தல்காரரே என்று நடித்து, பாப்பும் குளோரியாவும் அடைபட்டிருக்கும் இடத்துக்கு அவனையே வழிகாட்ட வைக்கிறார். கும்பலின் உண்மைத் தலைவன் யார் என்பதை நான் எழுதப்போவதில்லை. பெயர் வெளிப்படும்போதுதான் வெள்ளைத்தாளின் காரணம் விளங்குகிறது.

ஹாலிவுட் அரங்கில் அமைத்த இந்த ஷாங்காய் திரைக்கு வந்த அதே 1937 ஆகஸ்டில், உண்மையான ஷாங்காயில் ஜப்பானியப் படைக்கும் சீனப் படைக்கும் போர் மூண்டது. அதை அறிந்து பார்க்கையில், மோட்டோவுக்கு உதவும் சீனப் பெண் லீலா லியூவின் காட்சி உறுத்துகிறது. மோட்டோ சொன்னபடி போலீசுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லும்போதே அவள் சுடப்படுகிறாள். இடத்தைச் சொல்லிவிட்டே விழுகிறாள். ஜப்பானியருக்கு உதவும் இந்தச் சீனப் பெண்ணாக நடித்த லோட்டஸ் லாங், ஜப்பானியத் தந்தைக்குப் பிறந்தவர்.