கைக்கோடரியில் தெரியும் மூளை

மனித அறிவின் பரிணாமம் என்றாலே மண்டையோட்டின் கொள்ளளவைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஆதி மூதாதை இனமான ஆஸ்திரலோபித்தேகஸுக்குச் சுமார் 450 கன சென்டிமீட்டர், நமக்குச் சுமார் 1,350. ஆனால் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் வாழ்ந்த குள்ள மனிதர்களின் மூளை 400-ஐ ஒட்டித்தான் இருந்தது. அவர்களின் எலும்புகள் கிடைத்த குகையிலேயே கல்லாயுதங்களும் கிடைத்தன. அளவு பாதிக் கதைதான். மீதியைக் கல்லில்தான் தேட வேண்டும்.

எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த கல்கருவிகளுக்கு வயது சுமார் 26 லட்சம் ஆண்டுகள். பார்க்க வெறும் உடைந்த கல். செய்து பார்த்தால்தான் சிரமம் புரியும். கூரான சில்லைப் பெயர்க்க, உருளைக்கல்லில் 90 பாகைக்குக் குறைவான விளிம்பைத் தேடிப் பிடித்து, விளிம்பிலிருந்து சற்றே உள்ளே தள்ளிச் சாய்வாக அடிக்க வேண்டும். மிக ஒட்டி அடித்தால் விளிம்பு நொறுங்கிவிடும். அதிகம் உள்ளே தள்ளினால் சில்லே பெயராது. விசை பாதியில் அடங்கினால் சில்லு நடுவிலேயே முறிந்து படிபோல் ஒரு மேடு நிற்கும். அடுத்த அடியும் அங்கேயே முட்டிக்கொள்ளும். பயிற்சி பெற்ற கான்ஸி என்ற போனபோ குரங்கும் சில்லுகள் பெயர்த்தது, ஆனால் கோனா ஆட்களின் தேர்ச்சி அதற்குக் கைவரவில்லை.

இருபக்கமும் செதுக்கிய, கைப்பிடியில்லாத கல்லாயுதமான கைக்கோடரி சுமார் 17.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கென்யாவில் தலைகாட்டுகிறது. அதன் பிந்தைய வடிவங்கள்தான் என்னை வியக்க வைக்கின்றன. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில், சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மான்கொம்பால் தட்டிக் கோடரியை மெலிதாக்கியிருக்கிறார்கள். மெலிய வேண்டுமானால் சில்லு நடுக்கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். அதற்கு முதலில் மறுபக்கத்தில் சிறு சில்லுகளைத் தட்டி விளிம்பைச் சரிசெய்ய வேண்டும், பிறகு அதைத் தேய்த்து உறுதியாக்க வேண்டும். தேய்க்காத விளிம்பு அடி விழுந்ததும் பொடிந்துபோகும். கூர்மையான விளிம்பை வேண்டுமென்றே மழுக்குவது அடுத்த அடிக்காக மட்டுமே! எண்ணத்துக்குள் இன்னொரு எண்ணத்தை அடுக்கத் தெரிந்தவருக்கே இது வரும்.

கைக்கோடரி செய்பவர்களின் மூளையைப் படம்பிடித்த ஆய்வுகளில், வலப்பக்க முன்மடலின் கீழ்ப்பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. இடப்பக்கத்தில் அதற்கு நேரெதிரே இருப்பது பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதி. இதை வைத்துக் கல்லிலிருந்தே மொழி பிறந்தது என்பது அவசரம். இரண்டுக்கும் ஒரே வகைத் திட்டமிடல் தேவை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பரவலான லெவல்லுவா முறையில் கல்லைச் சுற்றிலும் செதுக்கி, மேல்பரப்பை லேசாகக் குவித்து, கடைசியில் ஒரே அடியில் வேண்டிய வடிவச் சில்லைப் பெயர்த்தார்கள். குவிவு தப்பினால் முன்பு செய்த உழைப்பெல்லாம் வீண். இதை நம் முன்னோரும் செய்தார்கள், அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தால்களும் செய்தார்கள்.