ஜிப்லாக் பைக்குள் ஒரு காகிதம்

"இதை மட்டும் நனைய விடக்கூடாது" என்று சொல்லி, பெரியவர் அந்தக் காகிதத்தை ஜிப்லாக் பைக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, அப்புறம் அதை இன்னொரு பைக்குள் போட்டார்.

டிடி-214. அமெரிக்க ராணுவத்திலிருந்து விடுபட்டதற்கான சான்று. மருத்துவம், வீட்டு உதவி, கல்லறையில் இடம் வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

இன்று ஹூஸ்டனில், வீடிழந்த முன்னாள் ராணுவத்தினருக்கான தற்காலிக இல்லம் ஒன்றில் அவசரப் பை தயார் செய்ய உதவப் போயிருந்தேன். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். மாத்திரை, மருந்துச் சீட்டு நகல், டார்ச், தண்ணீர்... கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் அதிலேயே போனது. போகட்டும், அதுதான் முக்கியமான கேள்வி.

2017 ஹார்வி புயல் வெள்ளத்தின்போது பெரியவர் பாலத்துக்கு அடியில் இருந்தாராம். எச்சரிக்கை வந்ததே தெரியாதாம்.

இந்த மாதிரி இல்லங்களில் பொதுவாக 24 மாதம் வரைதான் தங்க முடியும், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வருடத்துக்கு ஒரு பயிற்சி எப்படிப் போதும்? புதிதாக வருபவருக்கு அறைச் சாவியோடு பையையும் கொடுங்கள் என்று நிர்வாகியிடம் கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது பார்த்தேன். பெரியவர் பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவில்லை, தலைமாட்டில் வைத்திருந்தார்.