கரப்புடுப்பைத் தூக்கிப் பார்த்த பிறகு கீறிய படம்

தரம் 10 படிக்கும்போதுதான் முதல்முறை சித்திரப் போட்டிக்குப் போனேன். தலைப்பு 'எங்கள் ஊர்க் கலை'. எங்கள் மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. கலண்டர் படம் ஒன்றைப் பார்த்து வடமோடிக் கூத்து ராசா ஒருவரைக் கீறினேன். பாடசாலை மட்டத்தில் தெரிவானது. அடுத்த படியான கோட்ட மட்டத்தோடு நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தெரிவாகாத பிள்ளைக்கும் நடுவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காரணம் கன்னன்குடாவில்தான் தெரிந்தது. அம்மப்பாவுக்குப் பழக்கமான அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர், ஒருவர் அங்கே இருக்கிறார். வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவால் போய்ப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மனே, வடமோடி ராசா எண்டு சொல்றாய். உடுப்பு தென்மோடிக்காரன்ட மாதிரி இரிக்கு."

பெட்டியைத் திறந்து வடமோடி ராசா உடுக்கும் கரப்புடுப்பை எடுத்துத் தந்தார். என்ன பாரம்! தென்மோடி உடுப்பு அவ்வளவு பாரமில்லை. இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்கும் அந்த உடுப்போடு இரவிரவாக ஆடுகிறவர் எப்படிக் காலூன்றி நிற்பார் என்று கையில் தூக்கியபோதுதான் விளங்கியது. நான் கீறிய ராசா பரதம் ஆடுகிறவர்போல இடுப்பை வளைத்து நின்றார்.

அந்த வருடம் அங்கே கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அடுக்குப் பார்த்த இரவு, அதாவது ஒத்திகை இரவு, கொப்பியோடு போய் இருந்தேன். ஆடுகிற களரி வட்டம், சுற்றிவரச் சனம். மத்தளம் அடிக்கிறவரும் சல்லாரித் தாளம் போடுகிறவரும் நடுவில். கலண்டர் படத்தில் எல்லாரும் மேடையில் நிற்பதுபோல முன்னுக்குப் பார்த்து நின்றார்கள். இங்கே யாருக்கும் 'முன்பக்கம்' என்று ஒன்றில்லை. மத்தளக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்து, கால்களை மட்டும் பதினைந்து பக்கம் கீறினேன்.

வீட்டில் அதே காட்சியை ஐந்து தடவை போஸ்டர் கலரில் செய்து பார்த்தேன். இரவு வானத்துக்குக் கறுப்பை அப்படியே பூசினால் படம் செத்துப்போகும். நீலத்தோடு மண்ணிறம் கலந்து பூசியபோது வெளிச்சம் தானாக எழும்பியது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் சித்திர டீச்சர்.

அடுத்த வருடம் கோட்டம் தாண்டி வலயத்துக்குப் போனேன். தலைப்பு திருவிழாவைப் பற்றியது. கோயில் வெளியில் கூத்துக் களரி போட்டேன். அங்கேயே இருந்து கீற வேண்டும், இரண்டு மணித்தியாலம். பென்சிலுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்கவில்லை. பெரிய நிறங்கள் முதலில், முகங்கள் கடைசியில். போகிறவர்கள் தண்ணீருக்கு இரண்டு போத்தல் கொண்டுபோங்கள், துடைக்கப் பழைய பருத்தித் துணியும். தாளின் அளவையும் பெயர் எழுதும் இடத்தையும் முதல்நாளே கேட்டு வையுங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சி முன்பக்கத்தில் பெயர் எழுதிவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டாம் இடம். மாகாணத்துக்கு முதலிடம் வந்தவர்தான் போனார். கவலைதான், ஆனால் இந்தமுறை ஏன் என்று தெரிந்தது: அவருடைய படத்தில் சனத்தின் முகங்களும் பேசின. என்னுடைய சனம் வெறும் புள்ளிகள்.

வீட்டில் கீறியவற்றில் ஐந்தாவதை அண்ணாவியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"உடுப்புச் சரி. இடக்கால்ல சதங்கையக் காணல்ல, மனே."

அங்கேயே இருந்து கட்டிவிட்டேன்.