சிற்றலைக்கு எந்த அளவுப் பலகை: கோவளம் நாட்குறிப்பு

2025 ஜனவரி 18, சனி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கலும் கழிந்தபின் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக் கடல் அடங்கிவிடுகிறது. விடியலில் தரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வீசிக்கொண்டிருக்கும் வரை நீர்ப்பரப்பு வழவழவென்று இருக்கிறது. அலையோ முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் எழுகிறது. மே முதல் செப்டம்பர் வரை இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து வந்து சேரும் அலைகளுக்கிடையே 12, 14 விநாடி இடைவெளி இருக்கும். இப்போது வருபவை வங்காள விரிகுடாவிலேயே காற்று கிளப்பிவிட்ட குட்டை அலைகள்; ஆறேழு விநாடிக்கு ஒன்றாக வந்து விழுகின்றன. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஆகஸ்டில் நான்கடி நிற்கும் அலை இப்போது இரண்டடியாகும்போது பாதி வலு அல்ல, கால் பங்குதான் மிஞ்சுகிறது. நான் ஏறுவது சப், அதாவது நின்றபடி துடுப்பு போட்டு அலையேறும் பலகை; இழந்த முக்கால் பங்கைப் பலகையும் துடுப்பும்தான் ஈடுகட்ட வேண்டும்.

நான் சப் பழகியது காற்றடிக்கும் பலகையில். 10 அடி 6 அங்குல நீளமும் 6 அங்குலத் தடிமனும் கொண்ட அதில் முட்டுக்காடு உப்பங்கழியில் நிம்மதியாக நின்று போகலாம். அலையில் அது வளைந்து கொடுக்கிறது; திரும்பச் சொன்னால் கேட்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான இந்தச் சிற்றலைக்கென்றே கெட்டிப் பலகை ஒன்று வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதன் அளவை முடிவு செய்யும் வரை இங்கே குறித்து வருவேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பலகையின் கன அளவை லிட்டரில் சொல்கிறார்கள். எத்தனை லிட்டர் வேண்டும் என்பதற்கு விற்பவர்கள் முதலில் கேட்பது எடையைத்தான். என் எடை 78 கிலோ. எடையோடு இருபது லிட்டர் கூட்டிக்கொள் என்று சிலரும், எடையை ஒன்றரையால் பெருக்கு என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 20 லிட்டர் வேறுபாடு விழுகிறது. ஆகவே ஆர்க்கிமிடீசிடமிருந்தே தொடங்குவது நல்லது. என் எடை 78, பலகை 8, துடுப்பும் கால்கயிறும் நனைந்த சட்டையும் சேர்ந்து 2 என்று வைத்தால் மொத்தம் 88 கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் 1.025 கிலோ எடை இருப்பதால், நானும் பலகையும் மூழ்காமல் இருக்க மட்டுமே 86 லிட்டர் செலவாகிவிடுகிறது. அதற்கு மேல் பலகையில் இருக்கும் ஒவ்வொரு லிட்டரும் நாம் தடுமாறும் நேரத்துக்கான கையிருப்பு.

இன்று நண்பர் ஒருவருடைய பலகையில் இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அடிப்பக்கத்தில் வால் அருகே நீளம் 7 அடி 8 அங்குலம், அகலம் 28 அங்குலம், 95 லிட்டர் என்று எழுதியிருந்த எண்கள் மணலில் உரசிப் பாதி அழிந்திருந்தன. கையிருப்பு 9 லிட்டர்தான். அசையாமல் நின்றபோது கணுக்கால் வரை நீர் ஏறியது. இடக்காலில் சற்றே அழுத்தினால் அந்த ஓரம் கண்ணெதிரே நீருக்குள் போய்விட்டது. துடுப்பு போடும்போது மட்டும் பலகை மேலே வருகிறது, நிறுத்தினால் மறுபடி அமிழ்கிறது. அலை கிடைத்தபோது அது திரும்பிய லாவகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வோர் அலைக்கும் முன்னே பல நிமிடங்கள் காலும் இடுப்பும் ஓயாமல் வேலை செய்தன. அலை வந்து சேரும்போது அதைப் பிடிக்கத் தெம்பு இல்லை.

சர்ஃப் பலகையில் அலைக்குக் காத்திருப்பவர் உட்கார்ந்து காத்திருக்கிறார். சப் பலகையில் நின்றுகொண்டுதான் காத்திருக்க வேண்டும். எல்லா அளவுப் பட்டியல்களும் இந்த வேறுபாட்டை ஏதோ சிறு குறிப்பாகக் கடந்துபோகின்றன.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறுகோடியைப் பார்க்க, இன்று 9 அடி 8 அங்குலம், 30 அங்குலம், 140 லிட்டர் கொண்ட நீளப் பலகையை வாடகைக்கு எடுத்தேன். 1990களில் ஹவாயின் மாவி தீவில் சர்ஃப் வீரர்களான லேயர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் நின்று துடுப்பு போடுவதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது இதைவிடப் பெரிய பலகைகளில்தான் நின்றார்கள். பெரிய பலகை என்றால் கற்றுக்குட்டியின் பலகை என்று ஏளனமாகப் பார்ப்பது பின்னால் வந்த பழக்கம்.

நீளத்துக்குக் கணக்குப்படியே ஒரு பயன் உண்டு. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்த மிதவைக்கும், அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஒரு வேக வரம்பு இருக்கிறது. எட்டடிப் பலகைக்கு அது மணிக்கு 7 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. பத்தடிக்கு 8 கிலோமீட்டரைத் தொடுகிறது. இரண்டடி அலை முக்கால் மீட்டர் ஆழத்துக்கு வரும்போது உடைகிறது என்று கொண்டால், அவ்வாழத்தில் அது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நம் வேகத்துக்கும் அலையின் வேகத்துக்கும் உள்ள இடைவெளியை அலையின் சரிவுதான் நிரப்ப வேண்டும். சரிவு சொற்பமாக இருக்கும் நாளில் அந்த ஒரு கிலோமீட்டர் பெரிய விஷயம். இன்று அலை இன்னும் மேடாக மட்டும் இருக்கும்போதே, துடுப்பை மூன்று முறை வலித்ததும் பலகை அதன் மேல் ஏறிக்கொண்டது.

கரையோரத்தில்தான் சிக்கல். பாறைப்பக்கம் அலை ஒரு முனையிலிருந்து சாவகாசமாக உடைந்துகொண்டே போகிறது. அங்கே இதைவிட நல்ல பலகை இருக்க முடியாது. அதைத் தாண்டி மணற்கரையில் அலை குத்துக்கோடாக நின்று தொப்பென்று விழுகிறது. அலைமுகத்தின் நீளத்தைவிடப் பலகை நீளமாக இருப்பதால் வால் உச்சியில் இருக்கும்போதே மூக்கு பள்ளத்தில் குத்திவிடுகிறது. நான் போகும் பெரும்பாலான காலைகளில் எனக்குக் கிடைப்பது இந்த மணற்கரை அலைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளப் பலகையில் நிற்பவருக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே அலை கிடைத்துவிடுகிறது. குப்பத்துப் பிள்ளைகள் வரிசையாகக் காத்திருக்கையில் வெளியே நின்றபடி ஒவ்வோர் அலையையும் அள்ளிக்கொண்டு வருவது அநாகரிகம். இரண்டுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தேன். அதுவே அதிகம் எடுத்ததாகத்தான் தோன்றியது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலேயே வாடைக்காற்று கிளம்பிவிட்டதால் கடலில் இறங்கவில்லை. துடுப்பை மட்டும் அறுத்துச் சிறிதாக்கினேன். உப்பங்கழியில் நெடுந்தூரம் போவதற்கு நம் உயரத்துக்கு மேல் 20, 25 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அலையில் முழங்காலை மடித்துக் குனிந்தே நிற்பதால் 10 முதல் 15 போதும். கெட்டிப் பலகை காற்றடித்ததைவிட மெல்லியது, அதில் நிற்பவர் நீருக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறார் என்பதையும் சேர்த்து, 12 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வடக்கிலிருந்து வன்னி நீரோட்டம் இழுத்தபடி இருந்தது. பாறையை விட்டுத் தெற்கே நழுவிக்கொண்டே இருந்தேன். கட்டுமரத்தில் தொழிலைத் தொடங்கி, இப்போது சர்ஃப் கற்றுக்கொடுக்கும் அண்ணன் ஒருவர் கரையிலிருந்து நான் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்ததும் சொன்னார்: “அலை வந்தப்புறம் எந்தப் பலகையும் நிக்கும் தம்பி. வராதப்ப நிக்கிற பலகையா பாருங்க.”

நான் லிட்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல் பலகையின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் அவர் கை காட்டிய இடம் சரி. மிதக்கும் தட்டையான ஒரு பொருள் பக்கவாட்டில் கவிழாமல் எதிர்த்து நிற்கும் வலு, நீளத்துக்கு நேர்விகிதத்திலும் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகிறது. எட்டரை அடியை ஒன்பதரை அடியாக்கினால் நிலைப்பு 12 விழுக்காடுதான் உயரும். அகலத்தை 28 அங்குலத்திலிருந்து 31க்குக் கொண்டுபோனால் 36 விழுக்காடு உயர்கிறது. மூன்று அங்குல அகலம் ஓரடி நீளத்தைவிட மும்மடங்கு உதவுகிறது என்றால், சிற்றலைக்குப் பலகை தேடுபவர் லிட்டரைக் கேட்பதற்கு முன்பே அகலத்தைக் கேட்க வேண்டும்.

ஒரே லிட்டரைத் தடிமனாகவும் வைக்கலாம், அகலமாகவும் வைக்கலாம் என்பதுதான் வாங்குபவர் கவனிக்கத் தவறும் இடம். தடிமனில் ஒளித்துவைத்த லிட்டர் நம்மை மிதக்கவைக்கும். ஆனால் நாம் நிற்கும் உயரத்தை ஏற்றி, ஓரத்தையும் பருமனாக்கிவிடும். பருத்த ஓரம் சின்ன அலையின் முகத்தில் பிடிக்காமல் வழுக்குகிறது. 4 அங்குலமும் சொச்சமும் தடிமன், மிச்சத்தை அகலத்தில் கொடு என்பது இப்போதைக்கு என் கட்சி. 32 அங்குலத்தைத் தாண்டினால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்க்க நேரமாகிறது. அலையோ நாலைந்து விநாடிக்குள் முடிந்துவிடுகிறது.

மார்ச் 1, சனி

8 அடி 6 அங்குலம், 30 அங்குலம், 118 லிட்டர் பலகையில் இந்த வாரம் முழுவதும் இறங்கினேன். கையிருப்பு 32 லிட்டர். துடுப்பை நீரில் ஊன்றிக்கொண்டு கரையைத் திரும்பிப் பார்க்கலாம், மூக்கைச் சிந்தலாம், அடுத்த அலைத்தொகுதியை எண்ணலாம். ஒன்பது மணிவரை அப்படித்தான். அதன்பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று தலைகாட்டி நீரைக் கலைக்கத் தொடங்கியதும், கம்பியைப் பிடிக்காமல் மாநகரப் பேருந்தில் நிற்கும் வேலையாகிவிட்டது. இன்னும் ஓர் அங்குல அகலம் இருந்திருந்தால் மேலும் அரைமணி நேரம் கிடைத்திருக்கும்.

இதே எண்களோடு வேறொரு பலகையையும் ஏறிப் பார்த்தேன். நடத்தை முற்றிலும் வேறு. மூக்கு கூராகவும் வால் குறுகியும் அடிப்பக்கம் வாழைப்பழமாக வளைந்தும் இருந்த அது, செங்குத்தான பெரிய அலைக்கு வடித்தது. நீளம், அகலம், லிட்டர் மூன்றும் ஒன்றாக இருந்தாலும், சின்ன அலையில் அதன் வால் நீரைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. சிற்றலைக்கு அடிப்பக்க வளைவு குறைவாக, நடுவில் நெடுந்தூரம் தட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் குறைந்த வேகத்திலேயே பலகை நீரைத் தள்ளுவதை விட்டு நீர்மேல் வழுக்கத் தொடங்கும். வால் நுனியிலிருந்து ஓரடி உள்ளே அளந்தால் அகலம் தாராளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பின்காலின் எடை விழும் இடம் அதுதான். பக்கக்கோடுகள் ஏறக்குறைய இணையாக ஓடி, மூக்கு மழுங்கியிருந்தால் எட்டரை அடியும் ஒன்பதடியின் வேலையைச் செய்கிறது. விலைப்பட்டியலில் இந்த வால் அகலத்தை யாரும் அச்சிடுவதில்லை. அளவுநாடாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும்.

வாலடியில் பொருத்தும் சிறு தகடுகளான ஃபின் பற்றி இரண்டு வரி. நடுஃபின்னைக் கழற்றி நான்கு ஃபின்னாக மாற்றியதும் தள்ளுவிசை குறைந்த அலையிலும் வேகம் சற்று நின்றது. கூர்மையாக மேலேற்றித் திருப்புவதில் மூன்று ஃபின்னே நம்பகமானது. ஐந்து துளைகள் உள்ள பலகையாக வாங்கினால் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மாசி மகமும் பௌர்ணமியும் ஒட்டி வந்ததால் ஏற்றவற்றம் இந்த மாதத்தின் உச்சத்தில் இருக்கிறது. உச்சம் என்றாலும் சென்னைக் கடலில் அது ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். இரண்டடி அலைக்கு அதுவே போதுமானது: ஏற்றத்தில் அலை மணல்மேட்டைக் கண்டுகொள்ளாமல் கடந்து கரையில் போய் விழுகிறது, வற்றத்தில் மேட்டில் தட்டி ஒழுங்காக உடைகிறது. வற்றத்தில் ஃபின் மணலில் இடிக்காமல் இருக்க, நீளமான ஒற்றைஃபின்னைவிடச் சிறிய நான்கு ஃபின்கள் தோதானவை என்பது இன்று தெரிந்தது.

அளவைத் தீர்மானித்துவிட்டேன். நீளம் 8 அடி 8 அங்குலம், அகலம் 31, தடிமன் 4 அங்குலத்துக்குச் சற்று மேல், ஏறத்தாழ 122 லிட்டர். மழுங்கிய மூக்கு, அகன்ற சதுர வால், ஐந்து ஃபின் துளைகள். என் எடையோடு 44 கூட்டியது போல வருகிறது. பல ஆண்டு பழகியவர் இதில் இருபது லிட்டரைக் குறைத்தும் சமாளிப்பார். புதிதாக வருபவருக்கு இதன்மேல் இன்னும் இருபது வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் என் அளவை அப்படியே வாங்கினால் பலகை அவர் சொல்வதைக் கேட்காது. அவருக்கு 29 அங்குலமும் நூறு லிட்டரும் பொருந்தும்.

சின்னதாக வாங்கு, பழகினால் சரியாகிவிடும் என்று இரண்டு நண்பர்கள் இன்னமும் வற்புறுத்துகிறார்கள். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்ததிலிருந்து, அங்கே பார்த்த குறும்பலகைகள்தான் இவர்கள் கண்ணில் நிற்கின்றன. போட்டி நடத்துபவர்கள் ஆகஸ்டைத் தேர்ந்தெடுப்பதே அலை இருப்பதால்தான். நான் வாங்குவது பிப்ரவரிக்கு. ஏப்ரல் கடைசியில் தென்னலை ஏறத் தொடங்கி, ஹைதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விடும் நாள்களில் இந்தப் பலகை வீட்டில்தான் இருக்கும்.

பலகை வடிப்பவருக்கு அளவுகளை அனுப்பியபோது, வால் நுனியிலிருந்து ஓரடி உள்ளே எவ்வளவு என்று அவரே கேட்டார். 19 அங்குலம் என்று எழுதியிருக்கிறேன். அரை அங்குலம் குறைக்கலாமா என்று பதில் வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.