திருத்துருத்தி முதல் திருமணஞ்சேரி வரை: சுவாமி மாப்பிள்ளையாகப் போன வழியில்

அம்மாவின் வேண்டுதல் நிறைவேறிவிட்டது. என் நிச்சயதார்த்தம் முடிந்ததும் இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் குத்தாலம் போய், சுவாமிக்கு வேட்டியும் அம்பாளுக்குப் பட்டும் சாத்திவிட்டு, அங்கிருந்து காவிரியைத் தாண்டி வேள்விக்குடி, எதிர்கொள்பாடி, திருமணஞ்சேரி என்று தரிசனம் செய்துவிட்டு வந்தோம். அருவி விழும் குற்றாலத்தைச் சொல்லவில்லை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் இருக்கிற குத்தாலம். தேவாரத்தில் திருத்துருத்தி.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த வேண்டுதல் புரியும். எனக்கு நிச்சயமாகியிருப்பவரை நான் முதன்முதலில் பார்த்தது உழவாரப் பணியில். சென்னையிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் பேருந்து கிளம்பும். ஆண்கள் விமானத்தில் முளைத்த அரசங்கன்றுகளை வெட்டுவார்கள், பெண்கள் விளக்கு, திருவாசி எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்குவோம். ஒரு தூண்டாமணி விளக்கில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நான் தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்து உட்கார்ந்திருந்தபோது, ஒருவர் பேசாமல் வந்து ஒரு வாளி வெந்நீரும் அரப்புத் தூளும் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வெந்நீர் வந்தது. அதற்கடுத்த மாதம் நானே, "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டேன்.

அதன்பிறகு பேருந்தில் பேசிக்கொள்வதுதான். பாதிப் பேச்சு தேவாரப் பாடல் பெற்ற தலங்களைப் பற்றித்தான் இருக்கும். எந்தக் கோயிலில் ஒருகால பூஜைகூட இல்லை, எங்கே கும்பாபிஷேகம் நின்று கிடக்கிறது என்று. ஒருநாள் திரும்பி வரும்போது, "எங்க வீட்ல உங்களைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றார். "உங்க அப்பா அம்மா வந்து எங்க அப்பாகிட்ட கேக்கட்டும்" என்றேன்.

அவர் அப்பா வரவில்லை. நாங்கள் வேறு சமூகம், என் ஜாதகத்தில் வேறு ராகு. கோபமாக எதுவும் சொல்லவில்லை, "சரிப்படாது" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார். தெரிந்தவர்கள் சிலர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், பிறகு தானாகச் சரியாகும் என்றார்கள். எங்கள் இருவருக்குமே மனம் ஒப்பவில்லை. உழவாரப் பணிக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்போதுதான் அம்மா, கல்யாணத் தடை நீங்க வேண்டிக்கொண்டு மாலை வாங்கி வருகிற திருமணஞ்சேரிக்கு என்னைக் கூட்டிப்போனாள். மாலை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் குத்தாலத்தில் இறங்கினோம். அங்கேதான் குருக்கள் தலபுராணம் சொன்னார். பரத முனிவர் மகளாக வளர்ந்த அம்பாள் காவிரி மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்ய, சுவாமி நேரிலேயே வந்து கையைப் பிடிக்கிறார். உலகுக்கே தாய், கேட்டு வந்தவர் பரமேஸ்வரன். அப்படியும் அம்பாள், "என் தாய் தந்தையிடம் முறைப்படி கேட்டு மணம் செய்துகொள்ளுங்கள்" என்கிறாள். அவரும் அப்படியே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு அடையாளமாகப் பாதுகையையும், நிழல் தந்து உடன் வந்த உத்தால மரத்தையும் அங்கேயே விட்டுப் போகிறார். அதனால்தான் சுவாமிக்குச் சொன்னவாறறிவார் என்று திருநாமம். கேட்டுக்கொண்டே இருந்தேன். என் பேருந்துக் கதையை யாரோ எனக்கே திருப்பிச் சொன்னாற்போல இருந்தது. அம்மா அந்த மரத்தடியிலேயே புடவைத் தலைப்பை ஏந்திக்கொண்டு வேண்டிக்கொண்டாள். நிச்சயம் ஆனால் சம்பந்தி வீட்டோடு வருகிறேன் என்று. சம்பந்தி வீட்டோடு! அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆசை என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் விளக்க முடியவில்லை. யாரும் போய்ப் பேசவில்லை. ஒரு பிரதோஷத்தன்று சாயங்காலம் அவருடைய அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க வரலாமா?" என்று கேட்டார்கள். வந்தார்கள். தட்டு மாற்றிக்கொண்டோம். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாயிற்று.

இந்தமுறை குத்தாலத்தில் காலை பூஜைக்கே போய்விட்டோம். கூட்டம் இல்லை. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்த நேரம், எல்லோரும் உத்தால மரத்தடிக்கு வந்தோம். பாதுகைக்கு முன்னால் மாமா, அதாவது அவருடைய அப்பா, கைகூப்பி நின்றார். நெடுநேரம் நின்றார். நிச்சயதார்த்தத்தன்றுகூட என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். திடீரென்று திரும்பி, "நீ தேவாரம் பாடுவியாமே, பாடும்மா" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுந்தரர் திருத்துருத்திக்கும் வேள்விக்குடிக்கும் சேர்த்துப் பாடிய பதிகத்தை ஆரம்பித்தேன். பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் கொடுத்த வாக்கை மீறி, பார்வை இழந்து, காஞ்சியில் ஒரு கண் மட்டும் பெற்று, உடம்பில் பிணியோடு வந்து சேர்ந்தவர் சுந்தரர். வாக்குத் தவறியவருக்கும் இந்தச் சுவாமி பிணியைத் தீர்த்துத்தான் அனுப்பினார். பிணி இடர் தீர்த்ததைச் சொல்லும் வரி வந்ததும் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மேலே பாட முடியவில்லை. அப்போது பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு குரல், அடுத்த பாட்டை எடுத்தது. மாமாதான். சுருதி சேரவில்லை, ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. அவருக்குத் தேவாரம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பாட்டை முடித்துவிட்டு, கண்ணைத் துடைக்காமலேயே, "சாமியே பெத்தவங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் வந்திருக்காரு. நீங்களும் எங்களுக்காகக் காத்திருந்தீங்க. நல்லா இருங்கம்மா" என்று என் தலையில் கை வைத்தார். திரை விலகி மணிச் சத்தம் கேட்டது. உள்ளே ஓடினோம். நாங்கள் கொண்டுவந்த வேட்டியில் சொன்னவாறறிவார், பச்சைப் பட்டில் அம்பாள். அன்றைக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் ஒன்றுமே வேண்டிக்கொள்ளவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

பாடல் பெற்ற தலங்களின் வரிசையில், காவிரிக்குத் தென்கரையில் 37-ஆவது தலம் குத்தாலம். ஆற்றைத் தாண்டினால் வடகரைத் தலங்களில் 23, 24, 25 என்று வரிசையாக வேள்விக்குடி, எதிர்கொள்பாடி, திருமணஞ்சேரி. பெண் கேட்டது ஒரு கரையில், கல்யாணம் மறுகரையில். வேள்விக்குடியில் கதவு பூட்டியிருந்தது. எழுதி வைத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டதும் குருக்கள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து திறந்தார், எங்களுக்கு முன்னால் அன்று யாரும் வரவில்லையாம். கல்யாண வேள்வி நடந்த இடம் இது. சுவாமி பகலில் துருத்தியிலும் இரவில் வேள்விக்குடியிலும் இருக்கிறார் என்று சம்பந்தர் பாடிய தலம். இங்கே விளக்கில் எண்ணெய் குறைவாக இருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. திருமணஞ்சேரிக்கு வரும் வண்டிகளில் பத்தில் ஒன்று இங்கே திரும்பினால்கூட இந்த விளக்கு குறையில்லாமல் எரியும். தயவுசெய்து போங்கள், ஒரு எண்ணெய் டின்னாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

எதிர்கொள்பாடியில் மாப்பிள்ளையான சுவாமியை முனிவர் எதிர்கொண்டு அழைத்தார். எங்கள் அப்பாவும் முதலில் இறங்கிப்போய் மாமாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

திருமணஞ்சேரியில் வண்டி நிற்கும் முன்பே ஜன்னலைத் தட்டுகிறார்கள். "மாலை செட்டு இங்கதான் வாங்கணும்", "ஸ்பெஷல் பூஜை, வரிசையே இல்லாம கூட்டிட்டுப் போறேன்" என்று கூடவே ஓடி வருகிறார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற கவலையோடு வருகிறவர்களின் பயத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள், எனக்கு வயிறு எரிந்தது. வெளியே யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். கோயிலுக்குள் சீட்டு வாங்கி, மாலையோடு போய் உட்கார்ந்தால் போதும், கூப்பிட்டு எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறார்கள்.

உள்ளே மண்டபத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மாலை, எலுமிச்சம்பழம். நரை தெரிகிற ஒரு மகனுக்குப் பக்கத்தில் அவனுடைய வயதான அம்மா, பெயர் நட்சத்திரம் சொல்ல நாக்கு வராமல் தவித்துக்கொண்டிருந்தாள். நானும் அதே தரையில் உட்கார்ந்தவள்தான். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். இந்தக் கோயிலையும் குத்தாலம் கோயிலையும் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக எடுப்பித்தவர் 10-ஆம் நூற்றாண்டுச் சோழ அரசி செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தரை இழந்து பல்லாண்டுகள் தனியாக வாழ்ந்தவர். தன் துணையை இழந்த ஒரு பெண், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் துணை கிடைக்கிற சந்நிதியைக் கல்லில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தாயை நினைக்காமல் இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

உத்வாகநாதர், கோகிலாம்பாள் தரிசனம் முடிந்து கல்யாணசுந்தரர் முன்னால் நின்றபோது தள்ளுமுள்ளு. இரண்டு நிமிஷம்கூட நிற்கவிடவில்லை. ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். சுவாமி அம்பாளின் கையைப் பிடித்திருக்கிறார், அம்பாள் தலை நாணத்தில் கொஞ்சமே குனிந்திருக்கிறது. மணலில் லிங்கம் பிடித்த கை, முறைப்படி வாருங்கள் என்று சொல்லி விடுவித்துக்கொண்ட அதே கை. வாக்குக் கொடுத்தவர் வந்துவிட்டார், அம்மா!

முன்பு வாங்கிய மாலை இன்னும் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. கல்யாணம் முடிந்து அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும். அதோடு வேள்விக்குடிக்கு ஒரு தூண்டாமணி விளக்கும் வாங்கிக் கொடுக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமா, முதல் ஆறு மாத எண்ணெய்ச் செலவு தன்னுடையது என்றிருக்கிறார். பழைய உழவாரப் பணிக் குழுவிடமும் பேசிவிட்டோம், மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களும் பேருந்தோடு வருகிறார்கள்.