கானா போகும் முன் போட்ட ஊசிகளும் போடாத ஊசிகளும்

அண்ணன் கானாவில் வேலையில் இருக்கிறான். "ஜனவரியில நீயும் அம்மாவும் ஒரு மூணு வாரம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டதும் விமான டிக்கெட்டைத்தான் முதலில் போட்டேன். தடுப்பூசி என்று ஒன்று இருப்பது உறைத்தபோது கிளம்ப ஐந்து வாரம்தான் மிச்சம்.

தேடிப் பார்த்தால் மஞ்சள் காய்ச்சல், ஹெபடைட்டிஸ் ஏ, பி, டைபாய்டு, மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் அழற்சி), ரேபிஸ், காலரா என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அம்மா முதல் பெயரிலேயே நின்றுவிட்டார். "மஞ்சள் காமாலை எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, எனக்கெதுக்கு இது?" பெயரில் இருக்கும் மஞ்சள் எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் குழப்பியது. ஹெபடைட்டிஸ் ஏ தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் காமாலை. மஞ்சள் காய்ச்சல் கொசு கடித்து வருவது. இரண்டிலும் கண் மஞ்சளாகலாம், ஆனால் வைரஸ் வேறு, ஊசியும் வேறு.

பயண மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் போனோம். எந்த நாடு என்று கேட்டதோடு அவர் விடவில்லை. எங்கே தங்குவீர்கள், தலைநகர் அக்ராவை விட்டு வெளியே போவீர்களா என்று துருவினார். வடக்கே மோலே தேசியப் பூங்காவில் யானை பார்க்கப் போகிற திட்டத்தைச் சொன்னதும்தான் மெனிஞ்சைட்டிஸ் உள்ளே வந்தது. ஆப்பிரிக்காவில் அந்த நோய் அதிகம் பரவும் பகுதியை மெனிஞ்சைட்டிஸ் பட்டை என்பார்கள், வட கானா அதற்குள் வருகிறது. மழையில்லாத மாதங்களில்தான் அங்கே அந்த நோய் பரவும். நாங்கள் போவதோ சரியாக அப்போது.

கட்டாயம் என்று இருந்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்றுதான். அந்தச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். அது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸை வைத்துச் செய்யும் ஊசி. கோழி முட்டைக் கருவில் வளர்ப்பதால் முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். அடுத்து, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். "மூட்டுவலிக்கு ஒண்ணு, தினமும்" என்று அம்மா கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைத் திருப்பிப் படித்துவிட்டு பேனாவைக் கீழே வைத்தார். ஸ்டீராய்டு. எனக்கே அதுவரை தெரியாது.

அம்மாவுக்கு 66 வயது. 60 தாண்டியவர்கள் முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டால் கடுமையான பக்கவிளைவு வருவது அரிதுதான், ஆனாலும் இளையவர்களைவிட அதிகம். அதோடு எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை வேறு. மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கடிதம் தரலாம், ஆனால் கடிதம் கொசுவைத் தடுக்காது என்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. சற்று நேரம் கழித்து அம்மாவே, "அவனை இங்க வரச் சொல்லு" என்றார். வெளியே வந்ததும் அவர் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

என் கணக்கைக் காலண்டர்தான் தீர்மானித்தது. மஞ்சள் காய்ச்சல் சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். டைபாய்டு ஊசி கிளம்ப இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ முதல் டோஸ் போதும், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. பி வேலையில் சேர்ந்தபோதே மூன்று டோஸும் முடித்திருந்தேன். காலராவைத் தள்ளிவிட்டோம். ரேபிஸை என் முடிவுக்கே விட்டார். முன்கூட்டி இரண்டு டோஸ், ஒரு வார இடைவெளி. போட்டுக்கொண்டாலும் நாய் கடித்தால் மறுபடி ஊசி உண்டு. ஆனால் பல இடங்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் (கடிபட்டதும் உடனே வைரஸை எதிர்க்கப் போடும் ஆயத்த எதிர்ப்புப்பொருள்) தேவைப்படாது. பெரிய ஆஸ்பத்திரி எட்டாத காட்டோரம் போகிறவனுக்கு அந்தக் காரணம் போதும், போட்டுக்கொண்டேன். மலேரியாவுக்கு என்னைப் போன்ற பயணிக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். எனக்குத் தந்ததைக் கிளம்பும் முன்னாளே தொடங்கி, திரும்பி வந்து ஏழு நாள் வரை விழுங்க வேண்டும். அந்த ஏழு நாளைத்தான் பலரும் விட்டுவிடுவார்களாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே போடுவார்கள். ஐந்தாம் நாள் லேசான காய்ச்சலும் உடம்புவலியும் வந்து போனது. அதைவிடத் தலைவலி சான்றாகத் தரும் அந்த மஞ்சள் அட்டை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கையெழுத்து இருக்கிறது, மருந்தின் தொகுப்பு எண் இருக்கிறது, மையத்தின் முத்திரையைக் காணோம். பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பது போல இல்லை. மறுநாள் அரை நாள் காத்திருந்து புது அட்டை வாங்கினேன். முன்பு பத்து வருடத்துக்குத்தான் செல்லும், 2016இலிருந்து ஆயுள் முழுக்க. அதனால் அதை பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

அக்ராவில் இறங்கியதும் அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள்.

ஹெபடைட்டிஸ் ஏ இரண்டாம் டோஸுக்கு நாள் வந்தபோது அண்ணன் விடுமுறையில் வந்திருந்தான். மூவருமாகவே போனோம். உட்கார்ந்ததும் அம்மா, யாரும் கேட்கும் முன்பே, கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து டாக்டரின் மேசையில் வரிசையாக வைத்தார்.