காய்ச்சல் விட்ட பிறகு வந்த இரத்தக் கசிவு

டெங்கு உறுதியாகியிருந்த எனக்குக் காய்ச்சல் விட்ட அன்றுதான் மருத்துவமனையில் இடம் கொடுத்தார்கள். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதும் இரத்தப்போக்கு ஏற்படுவதும் பெரும்பாலும் சூடு தணிந்த பின்வரும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்தான் என்று மருத்துவர் விளக்கினார். அதற்குள் எனக்குப் பல் துலக்கும்போது ஈறு கசியத் தொடங்கியிருந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. நாளங்கள் எவ்வளவு எளிதில் கசிகின்றன என்று பார்க்க, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் சுற்றி, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் நடுவிலான அளவில் 5 நிமிடம் இறுக்கி வைத்தார்கள். அவிழ்த்துச் சற்று நேரத்தில் முன்கை முழுதும் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன.

பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒரு மைக்ரோலிட்டருக்கு 18,000 என்று வந்தன, இயல்பாக 1.5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஏபிடிடி எனப்படும் உறைவு நேரம் நீண்டும், உறைதலுக்குத் தேவையான ஃபைப்ரினோஜென் என்ற புரதம் குறைந்தும் இருந்தன. டெங்குவில் தட்டணுக்கள் குறைவதோடு மிஞ்சியவையும் சரியாக வேலை செய்வதில்லை, நாளச் சுவரும் பலவீனப்படுகிறது, ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து இரத்தப்போக்கைக் கணிக்க முடியாது என்றார் மருத்துவர்.

உறவினர்கள் இதை ஏற்கவில்லை. ஆட்டத்தின் ஸ்கோர் கேட்பதுபோல மணிக்கொரு முறை எண்ணிக்கையைக் கேட்டு, உடனே தட்டணு ஏற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். பெரிய இரத்தப்போக்கு இல்லாதவரை ஏற்றத் தேவையில்லை என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். 20,000-க்கு மேற்படாத தட்டணுக்களுடன் இருந்த பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றியும் இரத்தப்போக்கு குறையவில்லை என்று, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு காட்டியதைப் பின்னர் படித்தேன். அவர் பிடிவாதத்தின் காரணம் அப்போது இன்னும் தெளிவாயிற்று.

அவர் கண் வைத்திருந்தது ஹீமட்டோக்ரிட்டின் மீது, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் வகிக்கும் பங்கின் மீது. அது ஏறினால் நாளங்களிலிருந்து நீர் வெளியேறுகிறது என்று பொருள். அதற்கேற்பச் சலைன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டுமே கிடைத்தது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டுக்கும் கண்டிப்பான தடை. தசையில் ஊசியும் போடவில்லை. வயிற்று வலியோ கறுத்த மலமோ தெரிந்தால் இரவென்றும் பாராமல் சொல்லும்படி செவிலியர் திரும்பத் திரும்ப எச்சரித்தார்.

ஹீமட்டோக்ரிட் நிலைத்ததும் சலைனை நிறுத்தினார்கள். கசிந்த நீர் நாளங்களுக்குத் திரும்பும் வேளையில் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமாம். பசி எடுத்து, தட்டணுக்கள் தாமாகவே 50,000-ஐத் தாண்டிய பின் வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் அரிப்பு மட்டும் மேலும் சில நாள் தொல்லை கொடுத்தது.